எந்த ஊரு சரக்குண்ணா? வடசென்னைக்கு புதுசா வந்தவங்களுக்கு ஒரு மார்க்கெட் கைடு

காலைல ஆறு மணி இருக்கும், வண்ணாரப்பேட்டைல டீ கிளாஸோட நிக்கறேன், பக்கத்துல ஒரு தள்ளுவண்டி. அந்த அண்ணன் மடில ஆப்பிள் பெட்டி, கைல செலோ டேப் மாதிரி ஒரு ரோல், அதுல இருந்து சின்ன சின்ன ஸ்டிக்கரா உரிச்சு ஒவ்வொரு ஆப்பிளுக்கும் நெத்தியில பொட்டு வைக்கற மாதிரி ஒட்டிட்டு இருந்தாரு. பெட்டில ஸ்ரீநகர்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு, ஸ்டிக்கர்ல என்னவோ இங்கிலீஷ்ல பிரீமியம் குவாலிட்டி. "இன்னா ண்ணா, காஷ்மீர் ஆப்பிளுக்கு எதுக்கு இது"ன்னு கேட்டேன். கொஞ்சம் கூட அசரல. "ஸ்டிக்கர் இருந்தா தான் தம்பி கஸ்டமர் கைல எடுக்குது, இல்லாங்காட்டி தொட்டு பார்த்துட்டு போய்னே இருக்குது"ன்னாரு.

அவர் மேல கோவமே வரல. ஏன்னா நாம தான் அப்படி வாங்கறோம்.

நான் இங்க பாரீஸ் கார்னர்ல ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ்ல ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன், பழம் பருப்பு பாதாம்னு கண்டெய்னர் கண்டெய்னரா பேப்பர் போட்டு வெளிய எடுத்திருக்கேன், வீடு தண்டையார்பேட்டை. போன வருஷம் எங்க அக்கா பையன் தென்காசில இருந்து மணலி பக்கம் கம்பெனி வேலைக்கு வந்தான், ரூம் எடுத்து தங்கி முதல் மாசம் அவன் வாங்கினத பார்த்து தலைல கைய வெச்சிட்டேன், கிவி, வாஷிங்டன் ஆப்பிள், ஓட்ஸ், ஏதோ ஒரு ஃபாரின் ஜூஸ். கேட்டா "ஹெல்த்துக்கு மாமா"ங்கறான். அவனுக்கு சொன்னத தான் இப்போ உங்களுக்கும் எழுதறேன். ஃபாரின் வாங்காதீங்கன்னு சொல்ல வரல, நானும் வாங்கறேன். ஆனா வாங்கறப்போ ரெண்டு கேள்வி கேட்டுட்டு வாங்குங்க. எந்த ஊரு சரக்கு, எப்போ பறிச்சது. இவ்ளோ தான்.

ஸ்டெப் 1: கடைல பேசற வார்த்தைய முதல்ல புரிஞ்சுக்கோங்க

"நாட்டு"ன்னா நம்ம நாட்டுல விளைஞ்சதுன்னு புதுசா வர்றவங்க நினைச்சுக்கறாங்க. மார்க்கெட்ல அது ரகத்தோட பேர். நாட்டுத் தக்காளி, நாட்டுப் பூண்டு, நாட்டுக் கொய்யான்னா ஒட்டு ரகம், ஹைபிரிட் இல்லன்னு அர்த்தம், அந்த தக்காளியே ஆந்திரா மதனப்பள்ளில இருந்தோ கர்நாடகா கோலார்ல இருந்தோ தான் லாரில வந்திருக்கும். அதே மாதிரி கத்திரி, வெண்டை, அவரை, புடலை எல்லாம் "நாட்டுக் காய்", கேரட், பீன்ஸ், கோஸ், பீட்ரூட் எல்லாம் "இங்கிலீஷ் காய்". இங்கிலீஷ் காய்ன்னா இங்கிலாந்துல இருந்து வருதுன்னு எங்க மருமகன் நிஜமாவே ஒரு வாரம் நம்பிட்டு இருந்தான், அது ஊட்டில இருந்து வருதுடான்னு சொன்னதும் பய மூஞ்சிய பார்க்கணுமே.

ஆப்பிள எடுத்துக்கோங்க. காஷ்மீர் ஆப்பிள் உள்நாட்டு சரக்கு தான், ஆனா ஸ்ரீநகர்ல இருந்து சென்னைக்கு ரோட்டுல சுமார் 3000 கிலோமீட்டர். இலங்கைல இருந்து வர்ற சுருள் பட்டை ஃபாரின் சரக்கு, கொழும்பு நமக்கு 700 கிலோமீட்டர் கூட இல்ல. அதனால "உள்நாடா வெளிநாடா"ங்கற கேள்விய மட்டும் வெச்சிட்டு தூரமோ ஃபிரெஷ்ஷோ எதையும் முடிவு பண்ண முடியாது.

ஸ்டெப் 2: உங்க சாம்பார் எத்தன தேசம்னு ஒரு தடவ எண்ணிப் பாருங்க

இது தான் எனக்கு ரொம்ப பிடிச்ச ஸ்டெப். ஃபாரின் ஐட்டம்னா கிவி, ப்ளூபெர்ரின்னு தான் எல்லாரும் நினைப்போம், ஆனா துறைமுகத்துல உக்காந்து பார்த்தா தெரியும், உண்மையிலயே மலை மலையா வர்றது பருப்பும் எண்ணெயும்.

ரேஷன்ல 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில் தர்றாங்கல்ல, பாமாயில் முக்கால்வாசி இந்தோனேசியா மலேசியால இருந்து வர்றது. சன்ஃபிளவர் ஆயில் ரஷ்யா, உக்ரைன், அர்ஜென்டினா. நம்ம நாட்டுக்கு வேணும்ங்கற சமையல் எண்ணெய்ல பாதிக்கு மேல வெளில இருந்து தான் வருது. 2022ல உக்ரைன் போர் ஆரம்பிச்சதும் இங்க மளிகைக் கடைல சன்ஃபிளவர் ஆயில் விலை ஏறினது ஞாபகம் இருக்கா, அது ஆறறதுக்குள்ள ஏப்ரல் கடைசில இந்தோனேசியா வேற பாமாயில் ஏற்றுமதிய மூணு வாரத்துக்கு மேல நிறுத்திடுச்சு, ரெண்டும் சேர்ந்து கொருக்குப்பேட்டை பஜ்ஜிக் கடை வரைக்கும் இடிச்சுது. எங்க தெரு பஜ்ஜிக்கார அக்கா சைஸ சின்னதாக்கிட்டு விலைய அப்படியே வெச்சிருந்தாங்க.

துவரம்பருப்பு மொசாம்பிக், தான்சானியா, மலாவி, பர்மான்னு வருது, உளுந்து பெருசா பர்மால இருந்து. மண்டில "பர்மா உளுந்து"ன்னே விலை போடுவாங்க, பர்மா துவரைக்கு "லெமன்"னு பேரு, மொத்த வியாபாரத்துல அதுக்கெல்லாம் சென்னை விலை தான் ஊருக்கே அளவுகோல். அப்புறம் பெருங்காயம். அத செய்யற செடிப் பால் ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான்ல இருந்து வருது, நம்ம நாட்டுல அந்த செடிய பயிர் பண்ணவே 2020 அக்டோபர்ல தான் ஆரம்பிச்சாங்க, ஹிமாச்சல்ல லாஹுல் பள்ளத்தாக்குல. பாட்டி காலத்து சாம்பார்னு பெருமையா ஊத்திக்கறோம், அதுல பருப்பு ஆப்பிரிக்கா, எண்ணெய் இந்தோனேசியா, வாசனை ஆப்கானிஸ்தான். இதுல மிளகாயும் தக்காளியும் சில நூறு வருஷம் முன்னாடி போர்ச்சுகல்காரன் மூலமா அமெரிக்கா கண்டத்துல இருந்து வந்ததுன்னு ஆரம்பிச்சா சோறு ஆறிடும், விடுங்க.

இதுல நீங்க செய்ய வேண்டியது என்னன்னா, உங்க ஊரு விவசாயிக்கு காசு போகணும்னு நிஜமாவே நினைச்சா ஆப்பிள்ல ஆரம்பிக்காதீங்க, எண்ணெய்லயும் பருப்புலயும் ஆரம்பிங்க. கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் பெரும்பாலும் உள்நாட்டு சரக்கு, செக்குல ஆட்டினது விலை ஜாஸ்தி தான், அதனால பொரிக்கறத குறைச்சுட்டு தாளிக்கறதுக்கு மட்டும் வாங்குங்க. உளுந்துக்கு, டெல்டால சம்பா அறுத்துட்டு அதே வயல்ல போடற உளுந்து பங்குனி சித்திரை வாக்குல புதுசா வரும், அந்த நேரத்துல மண்டில "நம்ம ஊரு உளுந்து இருக்கா"ன்னு கேட்டு ரெண்டு மூணு மாசத்துக்கு வாங்கி வெச்சா இட்லி பொங்கி வர்றதுல வித்தியாசம் தெரியும். அரிசிக்கு கவலையே வேணாம், செங்குன்றம் பக்கத்துல தான் இருக்கு, ரைஸ் மில்லும் மண்டியும் வரிசையா, நாலு பேர் சேர்ந்து மூட்டை எடுத்தா லாபம்.

ஸ்டெப் 3: ஸ்டிக்கர விடுங்க, அட்டைப்பெட்டிய பாருங்க

ஸ்டிக்கர்ல நாலு நம்பர் இருக்கும். அது எந்த பழம், என்ன ரகம், என்ன சைஸ்னு பில் போடறவருக்கு தெரியறதுக்காக வெச்ச நம்பர், 4011ன்னா உலகம் பூரா மஞ்சள் வாழைப்பழம். அஞ்சு நம்பர் இருந்து 9ல ஆரம்பிச்சா ஆர்கானிக்னு கணக்கு. 8ல ஆரம்பிச்சா மரபணு மாத்தினதுன்னு வாட்ஸப்ல ஒரு மெசேஜ் சுத்துதே, அந்த நம்பர கடைல யாரும் பழத்து மேல பயன்படுத்தினதே இல்ல. எந்த நாடுன்னு இந்த நம்பர்ல எங்கயும் கிடையாது. நம்ம ஊர்ல பாதி ஸ்டிக்கர் அந்த நம்பர் கூட இல்லாம சும்மா பளபளன்னு இருக்கும், ரோல் ரோலா கடைல கிடைக்குது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் எப்எஸ்எஸ்ஏஐயே பழத்துல ஸ்டிக்கர் தேவையில்ல, அந்த பசை உடம்புக்கு நல்லதில்லன்னு சொல்லிருக்கு, உரிச்சு எடுத்துட்டு அந்த இடத்து தோலையும் லேசா சீவிடுங்க.

நிஜ அட்ரஸ் பெட்டில இருக்கு. வெளிநாட்டு ஆப்பிள் 18 கிலோ அட்டைப்பெட்டில வரும், பக்கவாட்டுல நாடு, ரகம், பேக் பண்ண கம்பெனி, அப்புறம் 100, 113, 125ன்னு ஒரு நம்பர், ஒரு பெட்டில எத்தன பழம்ங்கற கவுண்ட் அது, கவுண்ட் ஏற ஏற பழம் சின்னது. கடைக்காரர்கிட்ட "ண்ணா பெட்டிய கொஞ்சம் காட்டுங்க"ன்னு சிரிச்சிட்டே கேட்டா முக்காவாசி பேரு காட்டிடுவாங்க, காட்டாதவர்கிட்ட ஃபாரின் விலை குடுக்காதீங்க. பழைய பெட்டில வேற சரக்க போட்டு வெக்கறதும் நடக்கும், அதுக்கு நான் பண்றது என்னன்னா பெட்டிக்குள்ள இருக்கற தட்டையும் பார்க்கறது, குழி வெச்ச ட்ரேல பழம் கச்சிதமா உக்காந்திருந்தா அந்த பெட்டி சரக்கு தான், ட்ரே இல்லாம கொட்டி வெச்சிருந்தா சந்தேகப்படுங்க.

நான் முதல் தடவ ரீஃபர் கண்டெய்னர், அதாவது ஃபிரிட்ஜ் மாதிரி குளிர் வெச்ச கண்டெய்னர் திறக்கறப்போ பக்கத்துல நின்னது இன்னும் மறக்கல. மே மாசம், யார்டுல தார் உருகற வெயில், கதவு சீல உடைச்சு திறந்ததும் புகை மாதிரி குளிர் கால் மேல ஓடுது. சர்வேயர் ஒரு ஆப்பிள எடுத்து நடுவுல ஊசி மாதிரி தெர்மாமீட்டர குத்தி வெச்சு பார்த்தாரு, ஒரு டிகிரி சொச்சம். நடுவுல ஒரு பெட்டிக்குள்ள தீப்பெட்டி மாதிரி ஒரு டப்பா, வர்ற வழி பூரா என்ன சூடு இருந்துச்சுன்னு அது பதிவு பண்ணிட்டே வந்திருக்கு. அவ்ளோ பத்திரமா கடல் தாண்டி வந்த பழத்த, இங்க தள்ளுவண்டில 38 டிகிரில நாலு நாள் வெச்சு விக்கறோம், அதுக்கப்புறம் ஃபாரின் ஆப்பிள் மாவா இருக்குன்னு திட்டறோம். ஏசி இல்லாத கடைல ஃபாரின் ஆப்பிள் வாங்கினா ரெண்டு மட்டும் வாங்குங்க, அன்னிக்கே தின்னுடுங்க.

ஸ்டெப் 4: "எப்போ பறிச்சது"க்கு காலண்டர் தான் பதில்

கடைக்காரருக்கே பல சமயம் தெரியாது, நீங்களே கணக்கு போட்டுக்கலாம். காஷ்மீர், ஹிமாச்சல் ஆப்பிள் ஆடி ஆவணில ஆரம்பிச்சு ஐப்பசி வரைக்கும் பறிக்கறது. வாஷிங்டன் ஆப்பிளும் கிட்டத்தட்ட அதே ஆகஸ்ட் டு நவம்பர். நியூசிலாந்து, சிலி எல்லாம் பூமிக்கு கீழ் பக்கம், அங்க பிப்ரவரில இருந்து மே வரைக்கும் அறுவடை. அப்போ ஜூன் மாசம் நீங்க கடைல பார்க்கற காஷ்மீர் ஆப்பிள் எட்டு மாசமா ஆக்ஸிஜன் குறைச்ச குளிர் குடோன்ல தூங்கினது, பக்கத்துல இருக்கற நியூசிலாந்து காலா ரக ஆப்பிள் மூணு நாலு மாசம் முன்ன மரத்துல இருந்தது. அந்த மாசத்துல நான் யோசிக்காம நியூசிலாந்து பழம் தான் எடுப்பேன், அக்டோபர்ல யோசிக்காம காஷ்மீர். தேசபக்திய ஆப்பிள்ல காட்ட வேணாம், மாசத்த பாருங்க போதும்.

விலை பத்தி ஒண்ணு. கிலோ 50 ரூபாய்க்கு கீழ அடக்கம் வர்ற ஆப்பிள இறக்குமதி பண்ணக் கூடாதுன்னு 2023 மே மாசம் ஒரு உத்தரவு வந்துச்சு, பூட்டானுக்கு மட்டும் விலக்கு. அதுக்கு மேல வரி, கிளியரிங், குடோன், மொத்த வியாபாரி, சில்லறை கடைன்னு ஏறுது. அதனால யாராவது இறக்குமதி ஆப்பிள் மூணு கிலோ நூறு ரூபான்னு கூவினா ஒண்ணு அது ஃபாரின் இல்ல, இல்ல அழுகற நிலைல இருக்கு. அதே மாதிரி சைனா ஆப்பிள், சைனா பேரிக்காய்க்கு 2017லயே தடை போட்டாச்சு.

ஆப்பிள் இல்லாத காலத்துல என்ன பண்றதுன்னு கேட்டா, ஏம்பா ஆப்பிளையே கட்டிக்கிட்டு அழணும். மாசில இருந்து திண்டிவனம் பக்கத்து தர்பூசணி, சித்திரைல நுங்கு, பொன்னேரி கும்மிடிப்பூண்டி பக்கத்துல இருந்து வெட்டிக் கொண்டு வந்து ரோட்டோரம் குமிச்சு வெச்சிருப்பாங்க, அப்புறம் மாம்பழம், ஆனி ஆடில நாவப்பழம், மழைக்கு முன்ன பின்ன சீதாப்பழம், தைல பனங்கிழங்கு. கொய்யா வருஷம் பூரா. 100 கிராம் கொய்யால வைட்டமின் சி 200 மில்லிகிராமுக்கு மேல, கிவில 90 சொச்சம் தான். ஐப்பசி கார்த்திகைல டெங்கு வந்தா கிவி விலை பிச்சிக்கிட்டு போகும், ஆஸ்பத்திரி வாசல் கடைல ஒரு டப்பா வாங்க ஆளுங்க அடிச்சுக்கறத பார்த்திருக்கேன், கிவி தின்னா பிளேட்லெட் ஏறும்ங்கறதுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது, அந்த காசுக்கு இளநீரும் கஞ்சியும் குடுத்து டாக்டர் சொல்றத கேளுங்க.

பட்டர் ஃப்ரூட்ல மருமகன் ஒரு கூத்து பண்ணான். வீடியோ பார்த்துட்டு அவகாடோ வாங்கினான், தான்சானியா ஹாஸ் ரகம்னு ஒரு டெலிவரி ஆப்ல, ஒரு காய்க்கு ஒரு வேளை பிரியாணி விலை. பச்சையா இருக்கறப்பவே வெட்டிட்டான், கட்டை மாதிரி, கசப்பு, குப்பைல போட்டான். ஹாஸ் ரகம் பழுத்தா தோல் கருத்துடும், அது வரைக்கும் அரிசி டப்பால போட்டு வெக்கணும். நம்ம கொடைக்கானல் கீழ் மலை பட்டர் ஃப்ரூட் பெருசு, வழவழன்னு இருக்கும், நிறைய ரகம் பழுத்தாலும் பச்சையாவே இருக்கும், காது பக்கத்துல வெச்சு ஆட்டினா கொட்டை உள்ள கடகடன்னா பழுத்துடுச்சுன்னு அர்த்தம். ஜூஸுக்கு இது போதும், விலையும் பாதிக்கு கீழ.

டிராகன் ஃப்ரூட்டும் அதே கதை தான், முன்ன வியட்நாம் சரக்கு மட்டும், இப்போ குஜராத் ஆந்திரா தமிழ்நாட்டுலயே போடறாங்க, ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும் உள்ளூர் வரும், விலை இறங்கும், அப்போ வாங்குங்க.

ஸ்டெப் 5: பாக்கெட்டா இருந்தா திருப்பிப் பாருங்க

முன் பக்கம் கொடி படம், மலை படம் எல்லாம் இருக்கும், அது விளம்பரம். பின்னாடி மூணு விஷயம் தேடுங்க: எந்த நாட்டுல தயாரிச்சது, இறக்குமதி பண்ணவர் பேர் அட்ரஸ், எப்எஸ்எஸ்ஏஐ லோகோவோட 14 இலக்க லைசன்ஸ் நம்பர். இது மூணும் இல்லாம கண்ணாடி ஷோகேஸ்ல ஃபாரின் சாக்லேட், பிஸ்கெட் இருந்தா அது சூட்கேஸ்ல யாரோ தூக்கிட்டு வந்தது, கெட்டுப் போனா கேக்க ஆள் இல்ல. இறக்குமதியாளர் விவரத்த தனி ஸ்டிக்கரா ஒட்டிக்க அனுமதி உண்டு, அது தப்பில்ல, ஆனா எக்ஸ்பைரி தேதி மேலயே இன்னொரு ஸ்டிக்கர் இருந்தா அப்படியே ஷெல்ஃப்ல வெச்சுட்டு வந்துடுங்க.

பார்கோடு 890ல ஆரம்பிச்சா இந்தியா பொருள்னு சொல்லுவாங்க. கிடையாது. அந்த கம்பெனி நம்பர் வாங்கினது இந்திய ஆபீஸ்லன்னு மட்டும் தான் அர்த்தம், சரக்கு எங்க செஞ்சதுன்னு இல்ல.

ஃபாரின் ஐட்டம் ஏன் அடிக்கடி ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீல வருதுன்னு கேப்பாங்க. உள்ள வர்றப்போ மொத்த ஆயுசுல 60 சதவீதம், இல்லன்னா 3 மாசம், ரெண்டுல எது கம்மியோ அவ்ளோ மிச்சம் இருந்தா போதும்னு விதி. அப்போ ஒரு வருஷ ஆயுசு உள்ள சாக்லேட் மூணு மாசம் பாக்கி இருக்கறப்போ கூட துறைமுகத்த தாண்டலாம். குடோன்ல ஒரு மாசம், கடைல ஒரு மாசம், அப்புறம் ஆஃபர். ஒரு வாரத்துல தின்னு முடிப்பீங்கன்னா தாராளமா வாங்குங்க, நான் வாங்குவேன். பிரச்சனைன்னா பில்லோட 1915க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் அது. பில் இல்லன்னா ஒண்ணும் நடக்காது, அத அனுபவத்துல சொல்றேன், பேர் வேணாம், ஒரு பெரிய கடைல "ஊர்ப் பண்ணை ஆரஞ்சு"ன்னு போர்டு மாட்டி வித்தாங்க, வீட்டுக்கு வந்து வலைப்பைய திருப்பினா எகிப்துன்னு டேக் தொங்குது, திரும்பப் போய் கேட்டா பில் எங்கன்னாங்க, நான் கசக்கி எறிஞ்சிருந்தேன்.

பூண்டு பத்தி ஒரு வரி. சைனா பூண்டு நம்ம நாட்டுக்குள்ள வர 2014லயே தடை, ஆனா திருட்டுத்தனமா வருது. பெருசா இருந்தாலே சைனான்னு முடிவு கட்டாதீங்க, ஹிமாச்சல் பூண்டும் பெருசு தான். சந்தேகமே வேணாம்னா கொடைக்கானல் மலைப்பூண்டு, 2019ல புவிசார் குறியீடு வாங்கினது, கொஞ்சமா போட்டாலே ரசம் தெருமுனை வரைக்கும் மணக்கும்.

ஸ்டெப் 6: லோக்கல்னா கண்ண மூடிட்டு வாங்காதீங்க

கும்மிடிப்பூண்டி ரயில்ல காலைல பாருங்க, பொன்னேரி, மீஞ்சூர்ல இருந்து கீரைக்கட்டு, வாழைப்பூ, கறிவேப்பிலைன்னு கூடையோட அக்காங்க ஆயாங்க ஏறுவாங்க, திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைன்னு எறங்கி பிளாட்பாரம் வெளியவே கடை விரிச்சிடுவாங்க. கோயம்பேட சுத்தாம நேரா வர்ற சரக்கு. 1996ல கொத்தவால்சாவடி மொத்த மார்க்கெட் கோயம்பேடு போனதுல இருந்து நம்ம பக்கத்து கடைக்காரங்க ராத்திரி ரெண்டு மணிக்கு அங்க போய் ஏத்திட்டு திரும்ப இங்க வர்றாங்க, அந்த வண்டி வாடகை உங்க கத்திரிக்காய் விலைல இருக்கு. ரயில்ல வர்ற கூடைக்கு அது கிடையாது.

ஆனா ஒண்ணு, நாம இருக்கறது மணலி எண்ணூர் ஃபேக்டரிங்களுக்கு நடுவுல. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் பூரா கருப்பா கிடந்துச்சு, மீனவங்க டப்பால அள்ளி அள்ளி ஊத்தினாங்க. பக்கத்துல விளைஞ்சதுங்கறதாலயே ஒண்ணு சுத்தமாகிடாது. அதனால கீரைக்கார ஆயாகிட்ட "எந்த ஊரு தோட்டம், போர் தண்ணியா கால்வா தண்ணியா"ன்னு கேளுங்க. கோவப்பட மாட்டாங்க. என்கிட்ட ஒரு ஆயா "மீஞ்சூருக்கு அந்தாண்ட, கிணத்து தண்ணி, வேணும்னா வந்து பாருடா"ன்னு சொல்லுச்சு, நாலு வருஷமா அதுங்கிட்ட தான் வாங்கறேன். வாங்கினத ஓடற தண்ணில நல்லா அலசிட்டு ஆயுங்க, ஆஞ்சிட்டு இன்னொரு தடவ அலசுங்க.

ஓட்ஸ விட்டுட்டேனே. நம்ம ஊர்ல விக்கற ஓட்ஸ் பெரும்பாலும் ஆஸ்திரேலியால விளைஞ்சது. பிடிச்சா சாப்பிடுங்க. கேழ்வரகு கிருஷ்ணகிரி தர்மபுரில இருந்து வருது, தெருமுனைல கூழ் விக்கற அக்காகிட்ட சின்ன வெங்காயம், மோர் மிளகாயோட ஒரு சொம்பு வாங்கி குடிச்சிட்டு ஷிஃப்டுக்கு போனா மதியம் வரைக்கும் தாங்கும், மருமகன் இப்போ அங்க தான் நிக்கறான்.

இதுக்கு நடுவுல ஒரு நாள் சாயங்காலம் பீச் ஸ்டேஷன் பக்கமோ வியாசர்பாடிலயோ அத்தோ சாப்பிட்டுடுங்க. பர்மால இருந்து 1960கள்ல திரும்பி வந்த நம்ம ஜனங்க கொண்டு வந்தது, ஆரஞ்சு கலர் நூடுல்ஸ், முட்டகோஸ், பொரிச்ச வெங்காயம், புளித்தண்ணி, கைலயே பிசைஞ்சு தருவாங்க, கூடவே வாழைத்தண்டு போட்ட சூப். இது ஃபாரினா லோக்கலான்னு வடசென்னைக்காரன்கிட்ட கேட்டீங்கன்னா முறைப்பான்.

ஸ்டெப் 7: மீனுக்கு தேதி தெரிஞ்சிருக்கணும்

காசிமேட்டுக்கு ஞாயித்துக்கிழமை போனா கூட்டத்துல நசுங்குவீங்க, வார நாள்ல விடியக்காலை போங்க, ஏலம் இருட்டுலயே நடக்கும், அஞ்சு ஆறு மணிக்கு சில்லறையா எடுக்கலாம். பழைய பையும் ரப்பர் செருப்பும் போதும், நல்ல ஷூ போட்டுட்டு போகாதீங்க. செவுள் செவப்பா இருக்கணும், கண்ணு முழிச்சு பார்க்கணும், விரல்ல அமுக்கினா பள்ளம் திரும்ப எழும்பணும், இது எல்லாருக்கும் தெரிஞ்சது. ஹோட்டல்ல பாசா ஃபில்லேன்னு வர்றது வியட்நாம் பேர் வாங்கின மீன், அதே வகைய ஆந்திரா பண்ணைலயும் வளக்கறாங்க, கடல் மீன் கிடையாது. மார்க்கெட்ல காலா மீன இந்தியன் சால்மன்னு சொல்லி விப்பாங்க, அதுக்கும் நார்வே சால்மனுக்கும் பேர்ல மட்டும் தான் சொந்தம், ருசில காலா நம்ம குழம்புக்கு எவ்ளோவோ மேல.

முக்கியமானது ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள். மீன் இனப்பெருக்கத்துக்காக நம்ம கிழக்குக் கடற்கரைல விசைப்படகு கடலுக்கு போகக் கூடாது. ஃபைபர் போட் மட்டும் கரையோரம் போய் கொஞ்சம் கொண்டு வரும், விலை எகிறும், மிச்சமெல்லாம் மேற்குக் கடற்கரைல இருந்து ஐஸ்ல வர்றது. அங்க தடை ஜூன்ல தான் ஆரம்பிக்கும்.

போன மே மாசம் மருமகன கூட்டிட்டு போனேன். வஞ்சிரம் ஒண்ணு நல்லா வெள்ளி மாதிரி கிடக்கு, பயலுக்கு கண்ணு அதுலயே. நான் வாய திறக்கறதுக்குள்ள அந்த மீன்கார அக்கா ஈரக் கைய கோணில துடைச்சிட்டு சொல்லுது, "இது இங்க புட்ச்சது இல்ல நைனா, கேரளா சரக்கு, நாலு நாள் ஐஸு. வறுவலுக்கு ஓகே, கொழம்புக்கு வேணாம். தடைக்கு மின்ன காய வெச்ச நெத்திலி கருவாடு இருக்குது, அத எட்த்துக்கினு போ." கால் கிலோ கருவாடு வாங்கிட்டு வந்தோம், கத்திரிக்காயும் மொச்சையும் போட்டு எங்க வீட்ல குழம்பு வெச்சாங்க.